இழுவைப் படகைப் பார்க்க ஒரு லென்ஸ்

பிப்ரவரி 3

மாப்ளே,

நல்லா இருக்கியா. நாங்க நல்லா இருக்கோம். உங்க அக்காவுக்கு முட்டிவலி. அது போன வருசமும் இருந்துச்சு, அதனால அதைச் செய்தியில சேர்க்கல.

கடுதாசியைப் பார்த்ததும் "இந்த ஆளுக்கு போன் இல்லையா"ன்னு நினைப்பே. இருக்கு. ஆனா நாம போன்ல பேசுனா என்ன ஆகுதுன்னு உனக்கே தெரியும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறோம், அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வச்சிடுறோம். "இனிமே எனக்கு போன் பண்ணாதே"ன்னு நான் சொன்னேன். "பண்ணவே மாட்டேன்"னு நீ சொன்னே. கடுதாசின்னா ஒருத்தன் பேசுறப்ப இன்னொருத்தன் வாயை மூடிட்டுத்தான் இருக்கணும். உங்க அக்கா இதைக் கேட்டுட்டு, "அப்ப இந்த வீட்டுக்குள்ளயும் கடுதாசியே போட்டுக்கலாம், நிம்மதியா இருக்கும்"ங்கிறா.

எழுத்து கோணல் மாணலா இருக்கும். நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டு வருசம், அதுலயும் பாதி நாள் வாத்தியாருக்கு உடம்பு சரியில்ல. பேசுற மாதிரியே எழுதுறேன், பேசுற மாதிரியே படிச்சுக்க.

விசயம் இதுதான். உன் கடையில கேமரா லென்ஸ் விப்பீங்கல்ல. தூரத்துல இருக்குறதைக் கிட்ட காட்டுற லென்ஸ் ஒண்ணு வேணும். ஆனா சின்னதா இருக்கணும். என் வேலைச் சட்டையோட பக்கப் பையில அடங்கணும். ஏன்னு கேப்பே. நான் ஓட்டுற கிரேனுக்கு மேல போக நேர் ஏணிதான். படிக்கட்டெல்லாம் புது கிரேனுக்குத்தான். ஏணியில ரெண்டு கையும் கம்பியில இருக்கணும், தோள்ல பை தொங்கக் கூடாது. மேல போற எந்தச் சாமானுக்கும் ஒரு கயிறு கட்டி இடுப்புல மாட்டணும்னு சட்டம். அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னா, முன்னாடி ஒருத்தன் ரேடியோ கேட்டுக்கிட்டே வேலை பார்ப்பான், நல்ல மனுசன், பாட்டு வந்தா தலையாட்டுவான். ஒரு நாள் தலையாட்டுறப்ப முழங்கை பட்டு ரேடியோ ஜன்னல் வழியா போயிடுச்சு. கீழ நின்ன மேஸ்திரியோட தொப்பியில பட்டுச்சு. தொப்பி உடைஞ்சுது, மேஸ்திரி உடையல. மறுநாளே சட்டம்.

எங்க விட்டேன்? ஆங், பை. பையில அடங்கணும்.

கேமரா இங்க வீட்லயே கிடக்கு. மிரர்லெஸ்ஸாம். அப்படின்னா உள்ள கண்ணாடி இல்லையாம். அதுல இப்ப இருக்குற லென்ஸ் குட்டி, அதுல பார்த்தா துறைமுகத்துல எல்லாமே கடுகு மாதிரி தெரியுது.

எதுக்குன்னா, இங்க பறவை நிறைய வருது. வெள்ளை வெள்ளையா. படம் எடுக்கலாம்னு ஆசை.

மச்சான்


பிப்ரவரி 9

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. லென்ஸ் விற்பவன் என்ற முறையில் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

பறவை எவ்வளவு தூரத்தில் வருகிறது? எந்த நேரத்தில் வருகிறது? விடியும்போதா, வெயில் ஏறியபிறகா? வேகமாகப் பறக்குமா, மெதுவாகப் போகுமா? கிரேன் நிற்கும்போதும் அதன் உடம்பு அதிருமா? ஜன்னல் திறக்குமா, கண்ணாடி வழியாகத்தான் எடுக்க வேண்டுமா? இதெல்லாம் தெரியாமல் லென்ஸ் அனுப்பினால், அளவெடுக்காமல் சட்டை தைத்த கதை ஆகிவிடும்.

இன்னொரு கேள்வி. எல்லா லென்ஸும் எல்லாக் கேமராவிலும் பொருந்தாது, கேமராவின் வாய்க்கு ஏற்ற லென்ஸாக இருக்க வேண்டும். எனவே அது எந்தக் கேமரா என்று தெரிய வேண்டும். அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பிறை போல ஒரு கீறல் இருக்கிறதா? இருந்தால் மேலே எழுதியிருப்பதை நீங்கள் எழுத்துக்கூட்டி அனுப்ப வேண்டாம். அந்தக் கீறல் என் கடையின் மேசை முனையில் பட்டது. அந்தக் கேமராவை உங்கள் மகளுக்கு, என் மருமகளுக்குக் கொடுத்தவன் நான். அவள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்படியென்றால் பறவை எது என்றும் எனக்குத் தெரியும். அது இழுவைப் படகில் வேலை செய்கிற பறவை.

மச்சான், அவளை அந்தப் படகு வேலையின் நேர்முகத் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு போனவன் நான் என்பதால்தான் நீங்கள் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் அவள் வீட்டை விட்டுப் போன அன்று உங்கள் வீட்டு வாசலில் நானும் நின்றிருந்தேன். "இனிமே என் கண்ணு முன்னால நிக்காதே" என்று சொன்னது நான் இல்லை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு மாட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். நீங்கள் வேறு ஏதாவது சொல்வீர்கள் என்றுதான் நின்றிருப்பாள். நீங்கள் உள்ளே போய் விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

அக்காவை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மைத்துனன்


பிப்ரவரி 14

மாப்ளே,

கீறல் இருக்கு.

பறவைக்கு ரெக்கை கிடையாது. ஆரஞ்சு கலர் சட்டை போட்டிருக்கும். மெதுவாத்தான் போகும். போதுமா?

கோவத்துல மனுசன் என்னென்னவோ சொல்வான். "சாப்பிட்டுப் போ"ன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், அதைக் கேட்டாளா? "தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்"னு சொல்லியிருக்கேன், கேட்டாளா? இந்த ஒண்ணை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. அவ படகு தினம் காலையில என் கிரேனைத் தாண்டித்தான் பெரிய கப்பலை இழுக்கப் போகுது. தாண்டுறப்ப அவ இந்தப் பக்கம் நிக்க மாட்டா. படகு நடுவுல ஓட்டுறவரோட அறை இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் போயிடுவா. தாண்டுனதும் வெளிய வருவா, அப்ப முதுகுதான் தெரியும். ஒரு வருசமா என் மவ முதுகைத்தான் பார்க்குறேன், மாப்ளே. அதுவும் அரிசி அளவு.

உங்க அக்கா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அவ ரூமுக்குப் போறா, வர்றா. "நேர்ல வந்து பாரேன்"ங்கிறா. நான் போய் என்ன சொல்றது? அவ மூஞ்சியைப் பார்க்குறதுக்கு இல்ல லென்ஸ். அவ காலைப் பார்க்கணும்.

சொல்றேன். இழுவைப் படகுல இருந்து கப்பலுக்கு ஒரு வடம் போகும், என் தொடை தண்டிக்கு. கப்பல் இழுக்குறப்ப அந்த வடம் இறுகி விண்ணு விண்ணுன்னு சத்தம் போடும். எப்பவாவது அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி திரும்பி வரும். நான் சின்ன வயசுல வேலைக்குச் சேர்ந்தப்ப என் கூட மீசைக்காரன்னு ஒருத்தன் இருந்தான். மீசையே கிடையாது அவனுக்கு, வளர மாட்டேங்குதுன்னு அழுவான், அதான் அந்தப் பேரு. வடம் போற நேருக்கு நின்னான். அதுக்கப்புறம் அவனைப் பத்திச் சொல்றதுக்கு எதுவும் இல்ல. இதைத்தான் அன்னிக்கு வாசல்ல பாப்பாகிட்ட சொல்ல நினைச்சேன். வாயில வந்தது வேற.

வடம் இறுகுறப்ப அவ எங்க கால் வச்சு நிக்கிறான்னு தெரிஞ்சா போதும். வடத்தோட நேரா, தள்ளியா. அவ்வளவுதான்.

இந்தத் துறைமுகத்து ஆசையை அவளுக்கு ஊட்டுனதும் நான்தான்னு உங்க அக்கா சொல்லிக் காட்டுவா. அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒரு கப்பல்ல ராட்டினக் குதிரை வந்துச்சு. மரக்குதிரை, குழந்தைங்க ஏறி சுத்துற குதிரை, சிவப்புச் சேணம். பெட்டி உடைஞ்சு போனதால ஒவ்வொண்ணா கொக்கியில மாட்டி இறக்குனேன். குதிரை வானத்துல பறக்குது. பாப்பா எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வந்தவ, வேலிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்தபடி நிக்கிறா. அன்னிக்கு என் சோறு ஆறி ஜில்லுன்னு போச்சு.

அவ தினமும் வேலி ஓரத்துல வந்துதான் நிப்பா. கூப்பிட்டா மேல கேக்காது. கிரேன்காரனுக்குக் காதுல வேலை இல்ல, கீழ ஒருத்தன் கையால காட்டுற சைகைதான் எல்லாம். கட்டைவிரலைத் தூக்குனா, ஏத்து. கையை ஒதுக்கி நீட்டி ஆள்காட்டி விரலைத் தரையைப் பார்த்துச் சுத்துனா, இறக்கு. சைகை புரிஞ்சதுன்னா நான் குட்டியா ஒரு ஹாரன் அடிக்கணும், அதுதான் என் பதில். இவ அதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டா. வேலி ஓரத்துல நின்னு விரலைக் கீழ காட்டிச் சுத்துவா. நான் ஒரு ஹாரன் அடிச்சுட்டு இறங்குவேன். "பெரிய அதிகாரி வந்துட்டாங்க, இறங்குய்யா"ன்னு கூட இருக்குறவனுங்க சிரிப்பானுங்க. வீட்லயும் நான் பரண் மேல ஏறி எதையாவது குடைஞ்சுக்கிட்டிருந்தா கீழ நின்னு அதே சைகைதான். "வாயால சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவே?"ன்னு நான் கேப்பேன்.

உன் கேள்விக்குப் பதில். தூரம்: பஸ்ஸை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிறுத்துனா பத்துப் பஸ் வரும். நேரம்: விடிஞ்சும் விடியாம. அதிரும். நான் மூச்சு விட்டாலே அதிரும். ஜன்னல் திறக்கும், ஆனா ஒரு பக்கந்தான். கொக்கியில பாரம் தொங்குறப்ப நான் கேமராவைத் தொட மாட்டேன், அதை நீ சொல்ல வேண்டாம். பெரிய கப்பல் உள்ள வர்ற நேரம் என் கிரேனுக்கு வேலை இருக்காது.

சீக்கிரம் அனுப்பு. மார்ச் பதினேழாம் தேதி அந்தப் படகை வேற துறைமுகத்துக்கு மாத்துறாங்களாம், ஆளுங்களோட. உங்க அக்கா பருப்பு கழுவிக்கிட்டே சொன்னா, ஏதோ பால்காரன் வரலன்னு சொல்ற மாதிரி.

மச்சான்


பிப்ரவரி 20

மச்சான்,

பார்சலில் இருப்பதைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று லென்ஸ்களை மேசையில் வரிசையாக நிறுத்தினேன். முதலாவது அகன்ற வாய்க்காரன். விடியற்காலை மங்கலிலும் கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் அள்ளிக்கொள்வான். ஆனால் ஒன்றரைக் கிலோ, முழங்கை நீளம். அதோடு நீங்கள் ஏணி ஏறினால் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள். இரண்டாவது இன்னும் தூரம் பார்ப்பான். அவனுக்குத் தனிப் பை வேண்டும். பையே வேண்டாம் என்கிறீர்கள்.

மூன்றாவதுதான் இது. எழுபதிலிருந்து முந்நூறு வரை போகும் ஜூம். சுருக்கி வைத்தால் உங்கள் டீ பிளாஸ்க்கை விடக் குட்டை. சட்டைப் பையில் அடங்கும். முந்நூறுக்குத் திருகும்போது மூக்கு நீளும், பயப்பட வேண்டாம். ஏறும்போது தானாக நீண்டுகொள்ளாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் உள்ளே உண்டு. கிரேன் நடுக்கத்தைத் தாங்குமா என்பதை எந்தக் கம்பெனியும் எழுதிவைக்கவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன உடம்புக்குச் சின்ன வாய். முந்நூறில் வைக்கும்போது வெளிச்சம் கொஞ்சம்தான் உள்ளே போகும். அந்த மங்கலில் கேமரா நிதானமாகத்தான் படம் பிடிக்கும். அசையாமல் நிற்பது தெளிவாக வரும், அசைவது கலங்கும். எடை, தூரம், வெளிச்சம் மூன்றும் வேண்டும் என்றால் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

இரண்டாங்கை லென்ஸ்தான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், பூஞ்சை இல்லை. விலையைப் பற்றி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எடுக்கும் முறை: முதலில் எழுபதில் அகலமாக வைத்துப் படகைப் பிடியுங்கள். பிறகு திருகுங்கள். எடுத்தவுடனே முந்நூறில் தேடினால் வெறும் தண்ணீர்தான் தெரியும். மற்ற திருகுகளை எல்லாம் சரியான இடத்தில் வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். டேப்பைப் பிரிக்காதீர்கள்.

இனி கடைக்காரனாக இல்லாமல் ஒன்று. இந்த லென்ஸ் உங்களை ஓரடிகூடக் கிட்டே கொண்டுபோகாது. படகுத்துறை உங்கள் கிரேனிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் என்று அக்கா சொல்கிறாள். "வடத்துக்குத் தள்ளி நிக்கிறியாம்மா" என்று கேட்க முந்நூறு எதற்கு?

மைத்துனன்


மார்ச் 6

மாப்ளே,

கடைக்காரன் கடைக்காரனா இருந்தா போதும். புத்தி சொல்ற சாமானை நான் கேக்கல. அந்தக் கடைசி பத்தியை உங்க அக்கா சத்தமா வாசிச்சா, ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை தாளிச்சுக்கிட்டே வாசிச்சா.

ஆனா லென்ஸ் நல்ல லென்ஸ். அதைச் சொல்லாம இருந்தா நான் மனுசன் இல்ல. பையில போட்டா இருக்குற இடமே தெரியல. ஏணியில பாதி வழியில ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டேன், விழுந்துடுச்சோன்னு. கயிறும் கட்டியிருந்தேன்.

முதல் நாள் என் கட்டைவிரலை எடுத்தேன். ரெண்டாம் நாள் தண்ணி. அப்புறம் நிஜமாவே ஒரு பறவை வந்து சிக்குச்சு, நான் உனக்குப் பொய் சொல்லல பாரு. அதுக்கப்புறம் நீ சொன்ன மாதிரி அகலமா பிடிச்சு, அப்படியே திருகுனேன். கொக்கியை இறக்குற மாதிரியே இருக்கு, மாப்ளே. அவசரப்பட்டா ஆடும். பொறுமையா வந்தா வந்து உட்காருது.

வந்து உட்கார்ந்துச்சு. ஆரஞ்சு சட்டை. அரிசி அளவுல இருந்தவ ஆளா நின்னா.

நான் காலைத்தான் பார்த்தேன். வேற எதையும் பார்க்கல. மேல பார்த்தா அப்புறம் கை ஆடும்னு எனக்குத் தெரியும். பூட்ஸ் போட்டிருக்கா, நல்ல கனமான பூட்ஸ். ஒரு நாள் இடது கால் பூட்ஸ் நாடா அவிழ்ந்து தொங்குச்சு. வடம் கிடக்குற இடத்துல நாடா அவிழ்ந்த பூட்ஸ்! அன்னிக்கு முழுக்க எனக்கு வேலை ஓடல. கத்தவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. சாயங்காலம் வரைக்கும் அந்த நாடாதான் கண்ணுக்குள்ள. மறுநாள் பார்த்தா நல்லா இறுக்கி ரெட்டை முடிச்சு. நான் மேல தனியா உட்கார்ந்து கை தட்டுனேன். கீழ சைகை காட்டுறவன் "என்னய்யா ஆச்சு"ன்னு பார்க்குறான்.

ஒரு ஆச்சரியம் சொல்றேன். இப்ப சில நாளா அவ அந்தப் பக்கம் போய் ஒளியிறதில்ல. என் கிரேன் இருக்குற பக்கமே வந்து நிக்கிறா, படகு தாண்டி முடியிற வரைக்கும். ஒரு வருசம் ஆச்சுல்ல. அந்தக் கிரேன்ல யாரு இருக்கான்னே மறந்துட்டா போல. மறக்கட்டும். எனக்குப் படம் எடுக்க வசதி.

இந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தொல்லை. கேமரா முதுகுல இருக்குற குட்டித் திரையில படம் தெரியுது, ஆனா எனக்குத் தெரியல. கிட்டப் பார்க்குற கண்ணாடியை நான் மேல கொண்டு போறதில்ல. கொண்டு போனாலும் அந்தத் திரை எனக்குத் தீப்பெட்டி. அதனால கேமராவுக்குள்ள படம் பதியிற அட்டையைக் கழட்டி இதோட அனுப்பியிருக்கேன். உன் கடையில பெரிய திரை இருக்கும்ல, அதுல போட்டுப் பாரு. வடம் இறுகியிருக்குற படத்துல அவ கால் எங்க இருக்குன்னு மட்டும் பாரு. வடத்தோட நேருக்கு ஒரு கோடு போட்டுக்க. அவ கோட்டுக்கு வெளிய நிக்கிறாளா? பின்னால ஒதுங்க இடம் விட்டு நிக்கிறாளா?

அதை மட்டும் எழுது. பதினேழாம் தேதிக்குள்ள தெரிஞ்சா நல்லா இருக்கும். சரியில்லாம நின்னா, அப்ப போய்ச் சொல்லலாம். அதுக்குத்தான் போனேன்னு ஆகும்ல. சரியா நின்னா நான் எதுக்குப் போகணும்?

மச்சான்


மார்ச் 14

மச்சான்,

அட்டை கிடைத்தது. இரண்டு நாள் கடையில் கூட்டம், உடனே பார்க்க முடியவில்லை. நேற்று கதவைச் சாத்தியபிறகு பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட பதில் முதலில். நன்றாக நிற்கிறாள். வடம் இறுகியிருக்கிற ஒவ்வொரு படத்திலும் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் கோட்டின் மேல் இல்லை. எப்போதும் ஒதுங்கி, ஒரு கால் பின்னால் வைத்து, முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு நிற்கிறாள். அவள் பக்கத்தில் நிற்கிற தாடிக்காரர்தான் கோட்டின் மேல் நிற்கிறார். ஒரு படத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். மச்சான், மீசைக்காரன் கதையை நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அக்கா சொல்லியிருப்பாள். அல்லது நீங்கள் வேறு யாரிடமோ சொல்லும்போது கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனவே நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. போய்ச் சொல்லவும் ஒன்றுமில்லை, உங்கள் கணக்குப்படி.

இதைச் சொல்ல நேற்றே போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். பண்ணாதே என்றவர் நீங்கள், பண்ணமாட்டேன் என்றவன் நான். நல்ல செய்திதானே, கடிதத்தில் போனால் கெட்டுவிடாது என்று நினைத்துக்கொண்டேன்.

லென்ஸைப் பற்றி ஒரு மன்னிப்பு. நான் பயந்தபடியே ஆகிவிட்டது. படகு உங்களைத் தாண்டுகிற படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவள் வலது கை உடம்பிலிருந்து விலகி நீண்டிருக்கிறது, விரல் படகின் தளத்தைக் காட்டுகிறது. முகம் மட்டும் மேலே, உங்கள் கிரேனைப் பார்த்தபடி இருக்கிறது. எதையோ கீழே தொலைத்துவிட்டு யாரையோ தேடச் சொல்கிறாள் போல. முகம் தெளிவாக இருக்கிறது, தோள் தெளிவாக இருக்கிறது. விரல் இருக்கிற இடம் மட்டும் எல்லாப் படத்திலும் கலங்கல், ஒரு சின்ன வளையம் போல. விரலைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள், அந்த மங்கல் வெளிச்சத்தில் லென்ஸால் பிடிக்க முடியவில்லை. அகன்ற வாய் லென்ஸாக அனுப்பியிருந்தால் விரல் நகம்கூடத் தெரிந்திருக்கும். எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என் பிழை.

நல்ல முகமாக ஒன்றைப் பார்த்துப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன். கை தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டேன். அடுத்த பார்சலில் வரும்.

மைத்துனன்


மார்ச் 20

மாப்ளே,

உன் கடுதாசி பதினெட்டாம் தேதி வந்துச்சு. படகு பதினேழாம் தேதி காலையில போயிடுச்சு.

போறதையும் எடுத்தேன். அப்பவும் காலைத்தான் பார்த்தேன்.

நீ மன்னிப்பெல்லாம் கேக்காதே. லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. விரல் தெளிவா வந்திருந்தா கீழ எதையோ காட்டுறான்னு நினைச்சு நீ எழுதாமலே விட்டிருப்பே. அது கலங்குனதாலதான் எழுதுனே. விரல் சுத்துதுன்னு நீ எழுதுனதைப் படிச்சப்ப நான் கேன்டீன்ல உட்கார்ந்திருந்தேன். முன்னால டீ. பக்கத்துல இருந்தவன், "என்னய்யா, டீயில ஈ விழுந்திருக்கா, அப்படிப் பார்க்குறே"ன்னான். ஆமான்னு சொல்லி டீயைக் கொட்டிட்டேன்.

வேலி ஓரத்துல நின்னு அவ காட்டுற சைகை என்னன்னு நான் உனக்கு எழுதுன கடுதாசியிலயே இருக்கு. பீரோவுல வச்சிருந்தா எடுத்துப் பாரு. பார்க்க வேண்டாம், விடு. நீ கடைக்காரன், உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும். எனக்குத்தானே அது தொழிலு. முப்பது வருசமா கீழ நிக்கிறவன் கையைப் பார்த்தே சோறு தின்னவன் நானு. அந்த ஒரு கையைப் பார்க்கல.

போன் பண்ணியிருக்கலாமேன்னும் உன்னைச் சொல்ல மாட்டேன். அந்தக் கதவைச் சாத்துனது நான்.

உங்க அக்காகிட்ட கேட்டேன். "அவ கேமராவை வச்சு நீ அவளைப் படம் பிடிக்கிறதை நான்தான் அவகிட்ட சொன்னேன்"ங்கிறா. லென்ஸ் வந்த வாரமே சொல்லியிருக்கா. அதுக்கப்புறம்தான் பாப்பா இந்தப் பக்கம் வந்து நின்னிருக்கா. மறந்து போய் நிக்கல, மாப்ளே. கடைசி ஞாயித்துக்கிழமை உங்க அக்காகிட்ட, "அப்பா பதிலே சொல்லலம்மா"ன்னு சொன்னாளாம். "இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"ன்னு கத்துனேன். உங்க அக்கா அலட்டிக்கவே இல்ல. "நீ என்னிக்குப் பதில் சொல்லியிருக்கே, இன்னிக்குப் புதுசா சொல்றதுக்கு"ன்னு கேட்டுட்டுத் துணி காயப்போடப் போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, ஈரத் துணியைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா.

அப்புறம் அவளே நம்பரை அழுத்தி என் காதுல வச்சா. தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காங்கன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு. படகு கடல்ல போயிட்டிருக்கு, போய்ச் சேர இன்னும் நாளாகுமாம். அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சுக்க. எடுத்திருந்தா நான் என்ன பேசியிருப்பேன்? "வடத்துக்குத் தள்ளி நில்லு"ம்பேன். அதான் நிக்கிறாளே.

அவ போற துறைமுகத்துக்கே போகலாம்னு லீவு கேட்டிருக்கேன். ரெண்டு கப்பல் வரிசையில நிக்குது, முடியட்டும்னு சொல்றாங்க. போறப்ப சாப்பாட்டுத் தூக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகணும்னு உங்க அக்கா அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கா. இவ்வளவு நாளா அது எங்க இருந்துச்சோ. போற வழியில உன் ஊர்ல இறங்கி ஏறணும். ராத்திரி உன் வீட்ல படுத்துக்குறேன். நேர்ல பார்த்தா கத்த மாட்டோம்னு நினைக்கிறேன்.

ஓரம் வெட்டுன படத்தை அனுப்பாதே. கையோட இருக்குறது ஒண்ணு போட்டு வை, வர்றப்ப வாங்கிக்கிறேன். கலங்கலாவே இருக்கட்டும்.

இப்ப லென்ஸைக் கிரேனுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. சட்டைப் பையில மூணு வாரம் கனமே தெரியாம கிடந்துச்சு, இப்ப காலிப் பை கனக்குது.

நேத்து சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மேல ஏறுனேன். கொக்கி வெறுமனே தொங்குது. ஜன்னலைத் திறந்து வச்சு, படகு போன வழியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். தண்ணி தவிர ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு ஹாரன் அடிச்சேன். குட்டி ஹாரன்தான்.

கீழ நின்னவங்க எல்லாரும் பாரம் வருதுன்னு நினைச்சு சட்டுனு ஒதுங்கி நின்னாங்க. சைகை காட்டுறவன் அண்ணாந்து பார்த்தான். வெறும் கொக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ரெண்டு கையையும் விரிச்சு, "யாருக்குய்யா அடிச்சே?"ன்னு கேட்டான்.

மச்சான்